கார்னெட்டுக்கு மட்டும் ஏன் நூறு?

"பயோடைட்டுக்கு 95 வந்தா சரிங்கிறீங்க. கார்னெட்டுக்கு 96 வந்தா மட்டும் ஏன் சார் தப்பு? எல்லா எண்ணையும் ஒரே விகிதத்துல உயர்த்தி நூறுக்கு நார்மலைஸ் பண்ணிட்டா போதாதா?"

ஒரு பாறையிலுள்ள கார்னெட், பயோடைட் என்ற இரு கனிமங்களை எலக்ட்ரான் புரோப்பில் அளந்துகொண்டிருந்த ஆய்வு மாணவி கேட்டதில் நியாயம் இருந்தது. புரோப் என்பது கனிமத்தின் மேல் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, கிளம்பும் எக்ஸ் கதிரை எண்ணி, எந்தத் தனிமம் எவ்வளவு என்று சொல்லும் கருவி. பயோடைட்டில் உள்ள நீரை புரோப் அளப்பதில்லை, அதனால் அங்கே ஆக்சைடுகளின் எடைச் சதவீதக் கூட்டுத்தொகை, அதாவது டோட்டல், 95, 96 வருவது இயல்பு; கார்னெட்டில் நீர் இல்லை, ஆக்சைடுகள் கூடி நூறை ஒட்டி வந்தாக வேண்டும் என்றேன். அப்புறம் ரன்னை நிறுத்தி, தின் செக்‌ஷனை (மெல்லியதாகச் சீவிய பாறைத் துண்டை) வெளியே எடுத்து, "மறுபடி பாலிஷ் பண்ணிட்டு வாம்மா" என்று அனுப்பிவிட்டேன். அடுத்த ஸ்லாட்டுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும்.

நிறுத்துவதற்கு முன்பே எல்லாவற்றையும் சோதித்திருந்தேன். இயந்திரத்தில் கோளாறில்லை. கலவை ஏற்கெனவே தெரிந்த அல்மண்டைன் (ஒரு வகை கார்னெட்) ஸ்டாண்டர்டைத் திரும்ப அளந்தபோது நூறு வந்தது. மின்சாரம் கடத்துவதற்கான கார்பன் பூச்சும் ஸ்டாண்டர்டுக்கும் செக்‌ஷனுக்கும் ஒரே தடவையில் போட்டதுதான். சிக்கல் உயரத்தில் இருந்தது: மாணவி எலக்ட்ரான் படத்தைப் பார்த்து ஃபோகஸ் வைத்திருந்தார். பத்து, இருபது மைக்ரான் உயரம் மாறினாலும் அந்தப் படம் தெளிவாகவே தெரியும். எக்ஸ் கதிரைப் பிரித்து எண்ணும் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு அது போதாது: எக்ஸ் கதிர் கிளம்பும் புள்ளி, படிகம், டிடெக்டர் மூன்றும் ரோலண்ட் வட்டம் எனப்படும் ஒரே வட்டத்தின் மேல் நிற்க வேண்டும். ஒளி நுண்ணோக்கிக்கு மாறி உயரத்தைச் சரிசெய்ததும் கார்னெட்டின் நடுப்பகுதி 99ஐத் தாண்டியது.

விளிம்பு மட்டும் 96லேயே நின்றது. மென்மையான பயோடைட்டை பாலிஷ் அதிகமாகத் தின்றிருந்தது; அதை ஒட்டிய கார்னெட் ஓரம் தேய்ந்த சோப்புக்கட்டி போலச் சரிந்திருந்தது. நுண்ணோக்கியில் ஒரு பக்கம் தெளிந்தால் மறுபக்கம் மங்கியது.

நார்மலைஸ் செய்தால் இது மறையும், சரியாகாது. இரும்பை ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர் எல்ஐஎஃப் படிகத்தில் எண்ணுகிறது, மெக்னீசியத்தை இன்னொன்று டிஏபி படிகத்தில் எண்ணுகிறது. உயரம் பிசகினால் இரண்டும் ஒரே அளவில் இழப்பதில்லை. சரிவில் மெக்னீசியத்தின் ஆற்றல் குறைந்த கதிர்தான் அதிகம் உறிஞ்சப்படுகிறது. பாறை உருமாறியபோது இருந்த வெப்பநிலையைக் கணக்கிடுவதோ அந்த இரும்பு–மெக்னீசிய விகிதத்தை வைத்து. அதுவும் விளிம்பில், பயோடைட்டைத் தொடும் இடத்தில். அதனால்தான் நிறுத்தினேன். இன்றைக்கும் அப்படித்தான் நிறுத்துவேன் என்று நினைக்கிறேன்.

ஆனால் அவர் திரும்பி வந்து எடுத்த அளவுகள் என்னை விடுவதாக இல்லை. டோட்டல் அருமையாக இருந்தது. விளிம்பின் விகிதமும் மாறியிருந்தது. ஆனால் அதிலிருந்து வந்த வெப்பநிலை வித்தியாசம், கார்னெட்–பயோடைட் கணக்குக்கு வழக்கமாகச் சொல்லும் ஐம்பது டிகிரிப் பிழைக்குள்ளேயே அடங்கிவிட்டது. அப்படியென்றால் அந்த மாதங்கள்? பாலிஷ் செய்து பார்க்காமல் அது அடங்கும் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. சரி, ஆனால் நடுப்பகுதி நன்றாகத்தானே வந்துகொண்டிருந்தது? விளிம்பைப் பிறகு பார்க்கலாம் என்று நடுப்பகுதி அளவுகளை அன்றைக்கே எடுத்துக்கொள்ள விட்டிருக்கலாம். கருவியின் ஒரே காலிபரேஷனில் (ஸ்டாண்டர்டுகளை வைத்துச் செய்யும் அளவுத் திருத்தத்தில்) நடுவும் விளிம்பும் இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்தக் காரணத்தை அவரிடம் சொன்னேனா என்பதுதான் நினைவில்லை.