வளவுக்குள் ஒரு மாதம்

செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானில் விருந்தினர் விடுதியாக மாற்றப்பட்ட ஒரு பழைய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டில் நான் மேலாளராக இருந்த ஆண்டுகளில், சுற்றுலா படிக்கும் மாணவர்கள் கோடையில் ஒரு மாத இன்டர்ன்ஷிப்புக்கு வருவார்கள். அவர்களை வரவேற்பு மேசையில் அமர்த்தி, நான் எழுதி வைத்திருந்த இரண்டு பக்க விளக்கத்தை மனப்பாடம் செய்யச் சொல்வதே பயிற்சி என்று தொடக்கத்தில் நினைத்திருந்தேன்.

அந்த விளக்கத்தில், தரையிலிருக்கும் ஆத்தங்குடிக் கற்கள் சூளையில் சுடப்பட்டவை என்று எழுதியிருந்தேன். ஆத்தங்குடியிலிருந்து தினமும் பேருந்தில் வந்துபோன ஒரு மாணவி, விருந்தினர் முன் அந்த வரியை மட்டும் சொல்லாமல் கடந்தார். மாலையில் என்னிடம் வந்து, "சார், இந்தக் கல்லைச் சுடறதே இல்லை. எங்க சித்தப்பா பட்டறையிலதான் வேலை பார்க்கறாங்க" என்றார்.

மறுநாள் அவருடன் பட்டறைக்குப் போனேன். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தையும் அதனுள் பூ அச்சையும் வைத்து, சாயம் கலந்த சிமெண்ட் குழம்பை அச்சின் ஒவ்வொரு பிரிவிலும் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை நிரப்பி மட்டப்படுத்துகிறார்கள். கல் இறுகிய பிறகு சில நாட்கள் தண்ணீரில் ஊற வைக்கிறார்கள். கண்ணாடியில் படிந்த முகம்தான் தரையில் பளபளக்கிறது. நெருப்புக்கு அங்கே வேலையே இல்லை. பல ஆண்டுகள் அந்தத் தரையில் நடந்தும் நான் கேட்டுத் தெரிந்துகொள்ளாததை, அந்தப் பெண் சிறுவயதிலிருந்தே பார்த்து வளர்ந்திருக்கிறார்.

அதன் பிறகு முதல் வாரம் யாரையும் மேசையில் அமர்த்தவில்லை. வீட்டைப் பராமரித்து வந்த பெரியவர், முகப்புத் திண்ணையிலிருந்து அடுப்படி வரை மாணவர்களை அழைத்துச் சென்று, மணமான ஒவ்வொரு மகனின் குடும்பமும் வளவு எனப்படும் ஒரே உள்முற்றப் பகுதியைச் சுற்றித் தனிப் புள்ளியாக, அதாவது தனிக் குடும்பக் கணக்காக, வாழ்ந்ததையும், சரிந்த கூரைகளின் மழைநீர் முற்றத்தில் வந்து சேர்வதையும் காட்டினார். பூட்டிய வீடுகளைப் பார்த்து விருந்தினர் கேட்கும் கேள்விகளுக்கு, 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானபோது அங்கிருந்த தொழிலை விட்டுத் திரும்பிய குடும்பங்களைப் பற்றியும், ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள் உரிமையாளர்களாக இருப்பதைப் பற்றியும் மாணவர்களே விளக்கத் தொடங்கினார்கள். வீட்டை அரண்மனை என்று சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். முன்னோரை வணங்கும் படைப்புக்கும் திருமணத்துக்கும் உரியவர்கள் இன்றும் கூடும் வீடு அது. செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் (பின்னர் பரிந்துரைக்கக்கூடிய இடங்களின் பட்டியலில்) இடம்பெற்றதை, உலகப் பாரம்பரியச் சின்னமாகவே அறிவிக்கப்பட்டதாகச் சொல்லும் பழக்கத்தையும் அப்போதுதான் திருத்தினோம்.

ஒன்று இன்னும் உறுத்துகிறது. பயிற்சி என்ற பெயரில் ஒரு மாத வேலையை வாங்கிக்கொண்டு, பேருந்துக் கட்டணம்கூடத் தராத இடங்களைப் பார்த்திருக்கிறேன். நாங்களும் முதல் இரண்டு கோடைகளில் மதியச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டோம். அது தவறு. உரிமையாளரிடம் மீண்டும் மீண்டும் பேசி, மூன்றாம் ஆண்டில்தான் ஒரு சிறு உதவித்தொகைக்கு ஒப்புதல் வாங்கினேன்.

விளக்கத்தை மாணவர்களே புதிதாக எழுதினார்கள். கல் பட்டறைப் பகுதியை எழுதியவர் அந்த ஆத்தங்குடி மாணவி. "அச்சைத் தூக்கும்போது கை அசைந்தால் ஒரு நிறம் இன்னொன்றில் கலந்துவிடும்" என்று அவர் எழுதியிருந்த வரி தட்டச்சில் விடுபட்டிருந்தது. எல்லாப் பிரதிகளிலும் அதைப் பேனாவால் எழுதிச் சேர்த்தேன்.