கொரிய மேலதிகாரியின் ஆங்கில மின்னஞ்சல்கள்

தென்கொரியாவின் சுவோனில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் வெளிநாட்டு மின்னஞ்சல்களை எழுதுவது எங்கள் குவாஜாங். அது பதவிப் பெயர். இங்கே மேலே இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். டோயிக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் 990க்கு 900ஐத் தாண்டியவர். இலக்கண விதிகளை என்னைவிட நன்றாகச் சொல்வார். ஆனாலும் தன் ஆங்கிலத்தில் கொரிய வாடை அடிக்கிறது என்று அவருக்கு ஒரு குறை. அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவர் ஏற்கெனவே அனுப்பிய மின்னஞ்சல்களை இருவரும் உட்கார்ந்து அலச ஆரம்பித்தோம்.

முதலில் மாட்டியது ‘சென்ட் இட் அன்டில் ஃப்ரைடே’. வெள்ளிக்கிழமை வரை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டுமா என்று வாடிக்கையாளர் குழம்பியிருப்பார், பாவம். கொரிய மொழியில் ‘க்காஜி’ என்ற ஒரே ஒட்டு ‘வரை’க்கும் ‘க்குள்’ளுக்கும் சேர்த்து வேலை செய்கிறது. நமக்கு இரண்டும் தனித்தனியாக இருப்பதால் இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. அவருக்காக ஒரு சோதனை வைத்துக்கொண்டோம்: வினைக்கு முன்னால் ‘தொடர்ந்து’ போட்டுப் பார்ப்பது. காத்திருப்பது, தங்குவது என்றால் பொருந்தும், அங்கே அன்டில். அனுப்புவது, முடிப்பது என்றால் பொருந்தாது, அங்கே ‘பை’ (by). ஒரு வாரத்தில் இது சரியாகிவிட்டது.

வினைச்சொற்கள்தான் இழுத்தடித்தன. கொரியர்களும் நம்மைப் போல மருந்தைச் ‘சாப்பிடு’கிறவர்கள், ஆங்கிலத்தில் அது டேக். ‘யாக்ஸொக்’ என்றால் வாக்குறுதியும்தான், யாரையாவது சந்திக்க ஒத்துக்கொண்ட நேரமும்தான். ஆகவே ‘சாயங்காலம் எனக்கு ஒரு ப்ராமிஸ் இருக்கிறது’ என்று எழுதியிருந்தார். தொலைபேசி எண்ணைச் சொல்லுங்கள் என்பதற்கு ‘டீச் மீ’. போதாததற்கு ‘ஹதா’ என்று ஒரு வினை, அப்படியே நம் ‘பண்ணு’. ஏகப்பட்ட பெயர்ச்சொற்களோடு ஒட்டிக்கொள்ளும். நாம் டிசைட் பண்ணுகிறோம், அவர்கள் முடிவு ஹதா. அந்தப் பழக்கத்தில் கை எல்லா இடத்திலும் ‘டூ’ என்று எழுதிவிடுகிறது.

அதனால் குறிப்பேட்டைத் தலைகீழாக மாற்றினோம். வினையின் கீழ் பொருள் எழுதும் பள்ளிக்கூட முறையை விட்டுவிட்டு, பெயர்ச்சொல்லை முதலில் எழுதி, எந்த வினை அதோடு வரும் என்று அப்புறம் தேடுவது. டெசிஷனா, மேக். ஃபோட்டோவா, டேக். தேடுவதற்கு கோகா என்ற அமெரிக்க ஆங்கிலத் தொகுப்பு உதவியது. 1990 முதல் 2019 வரையிலான நூறு கோடிக்கும் அதிகமான சொற்கள் அதில் இருக்கின்றன. பதிவு செய்துகொண்டால் இலவசம். பெயர்ச்சொல்லைக் கொடுத்தால், அதற்கு முன்னால் எந்த வினை அதிகம் வருகிறது என்று எண்ணிக்கையோடு காட்டிவிடும். பாப்பகோ போன்ற மொழிபெயர்ப்புச் செயலிகள் சரியான வாக்கியத்தைத் தருகின்றனதான், ஆனால் அதை நகலெடுத்து ஒட்டுவதோடு படிப்பு முடிந்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

முன்னிடைச் சொற்களில் (ப்ரெபொசிஷன்) எனக்கே ஆச்சரியம் காத்திருந்தது. கொரிய மொழியில் ஒருவ‘ரோடு’ கல்யாணம், ஒருவ‘ருக்கு’த் தொடர்பு. அதனால் ‘மேரி வித்’, ‘கான்டாக்ட் டு’ என்று எழுதுகிறார்கள். தமிழில் அவரை மணக்கிறோம், அவரைத் தொடர்புகொள்கிறோம். அந்த ‘ஐ’ இருக்கும் இடத்தில் ஆங்கிலமும் முன்னிடைச் சொல் எதுவும் போடாமல் சும்மா இருக்கிறது. ஆனால் இதை விதியாக்க முடியாது. ‘பற்றி’ விஷயத்தில் நாமும் கொரியர்களும் ஒரே கட்சி: இருவருமே ‘டிஸ்கஸ் அபௌட்’ என்கிறோம், ஆங்கிலத்தில் வெறும் டிஸ்கஸ் போதும்.

இன்னும் சரிப்படாதது போவதும் வருவதும்தான். கூட்டம் தொடங்கிவிட்டது என்று செய்தி அனுப்பினால் நாம் ‘இதோ வர்றேன்’ என்போம், ஆங்கிலத்திலும் கம்மிங்தான். கொரியர் தான் இருக்கும் இடத்திலிருந்து கிளம்புவதால் ‘போகிறேன்’ என்பார். ஒருமுறை வெளிநாட்டு விருந்தினர்கள் அறையில் காத்திருக்க, குவாஜாங் ‘ஐயம் கோயிங்’ என்று அனுப்ப, அவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார் என்றே அவர்கள் நினைத்தார்கள். இப்போதெல்லாம் அவர் இரண்டு வினையையும் தொடுவதில்லை; ‘ஆன் மை வே’ என்று தட்டிவிட்டு நடக்கிறார்.