அம்மா கொஞ்சம் வெளியே இருக்கட்டும்

லண்டன் வந்த புதிதில் ஈஸ்ட் ஹாமில் ஒரு யாழ்ப்பாணத்து ஆன்ட்டி வீட்டு மாடியறையில் குடியிருந்தேன். தெருமுனையிலேயே முருங்கைக்காய் கிடைத்ததால் சாப்பாட்டுக் கவலை இல்லை. அடுத்து எந்தத் துறைக்குப் போவது என்பதுதான் கவலை. "பிள்ளை, நீர் என்ன டொக்டர்? இருதயமோ, பிள்ளைப்பேறோ?" என்பார் ஆன்ட்டி. பதின்வயதுப் பெண்களின் மாதவிடாய், கருத்தடை, பால்வினைத் தொற்று என்று நான் இழுத்தால், "அதுக்கெண்டு தனிப் படிப்போ?" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

தனிப் படிப்புதான். சமூகப் பாலியல், இனப்பெருக்க நலம் 2010 முதல் பிரிட்டனில் தனிச் சிறப்புத் துறை. பயிற்சி 6 வருடம். ஆண்டுக்கு எடுப்பதோ கொஞ்சம் பேர், போட்டி பயங்கரம்.

இந்தத் துறைமேல் ஆசை வந்தது, வெளிநாட்டில் படித்த டாக்டர்கள் பிரிட்டனில் வேலை பார்க்க எழுதும் பிளாப் தேர்வுக்குப் படிக்கும்போது. முதல் தேர்வு 180 கேள்விகள், 3 மணி நேரம், சென்னையிலேயே எழுதிவிடலாம். இரண்டாவதற்கு மான்செஸ்டர் வர வேண்டும், அங்கே நோயாளிகளாக வருவது நடிகர்கள். அதற்காக நண்பர்கள் சேர்ந்து ஒத்திகை பார்ப்போம். 15 வயதுப் பெண் தனியாக வந்து கருத்தடை மாத்திரை கேட்கிறாள் என்பது அதில் தவறாமல் வரும் காட்சி. ஊரில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஓ.ஜி. (மகப்பேறு, மகளிர் நோய்) வார்டில் அந்த வயதுப் பெண் தனியாக வந்து நான் பார்த்ததே இல்லை. அம்மா, அத்தை, சித்தி என்று ஒரு கூட்டமே வரும். கேள்வியும் அவர்களிடம்தான், பதிலும் அவர்களிடமிருந்துதான். கர்ப்பம் என்றால் ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவேட்டில் பதிவு, போலீசுக்குத் தகவல். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழே சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் பெயரைச் சொல்லாமலே தகவல் கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2022இல்தான்.

இங்கே இந்தப் பிரச்சினை 1985லேயே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. விக்டோரியா கில்லிக் என்ற தாய், 16 வயது ஆகாத தன் மகள்களுக்குத் தன் அனுமதி இல்லாமல் கருத்தடை ஆலோசனை தரக்கூடாது என்று வழக்குப் போட்டார். அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 3க்கு 2 என்ற கணக்கில் அதை ஏற்கவில்லை. சொல்வதைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி அந்தப் பெண்ணுக்கு இருந்தால் அவள் சம்மதமே போதும். தோற்ற அந்த அம்மாவின் பெயரில்தான் இன்றும் அந்த முதிர்ச்சியை அளக்கிறார்கள், பாவம்! நம் பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒன்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. வீட்டில் சொல்லிவிடும்படி டாக்டர் முதலில் அவளிடம் எடுத்துச் சொல்லிப் பார்க்க வேண்டும். இன்றைய நடைமுறையில், அவள் ஆபத்தில் இருக்கிறாள் என்று தெரிந்தாலோ, வயது 13க்குக் கீழே என்றாலோ ரகசியம் காக்கும் வாக்குறுதி செல்லாது. அதைப் பேச்சின் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறோம்.

சட்டத்தைப் படித்துவிடலாம். அம்மாவை அறையிலிருந்து எழுப்புவதுதான் கஷ்டம், அதிலும் தமிழ் அம்மாவை. ஒரு பெண்ணை அதிக உதிரப்போக்கு என்று அழைத்து வந்திருந்தார்கள். நான் மகளைப் பார்த்துக் கேட்கிறேன், "ரெகுலராத்தான் வருது டாக்டர்" என்று அம்மா பதில் சொல்கிறார். "இந்த வயசுப் பிள்ளைங்க எல்லார்கிட்டயும் கொஞ்ச நேரம் தனியா பேசுறது இங்க வழக்கம்மா" என்றேன். அந்த 'எல்லார்கிட்டயும்' இல்லாவிட்டால் அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிடும். கதவு சாத்தியதும் அந்தப் பெண் ஸ்வெட்டர் கையை விரல்நுனி வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். காதல் விவகாரம் எதுவும் இல்லை. பள்ளியில் இரண்டு முறை பாவாடை கறையாகி, அப்புறம் விளையாட்டு வகுப்புக்கே போவதில்லையாம். "அம்மாகிட்ட சொன்னா பாட்டிக்கு வீடியோ கால் போட்டு சொல்லிடுவாங்க" என்றாள். உதிரப்போக்குக்காக முன்பே இங்கே எழுதித்தந்த மாத்திரையை அவள் தொடவேயில்லை. அது கருத்தடை மாத்திரையும்கூட என்பதால், பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படியெல்லாம் ஆகாது, நிறுத்தினால் கருத்தரிக்கும் திறன் திரும்பிவிடும் என்று சொன்னேன். ரத்தத்தில் இரும்புச்சத்து பார்க்க எழுதினேன். அதன்பின் அவளையே கேட்டுக்கொண்டு, அம்மாவை உள்ளே கூப்பிட்டு மாத்திரையைப் பற்றி மட்டும் பேசினோம்.

இந்தத் துறை என்றாலே கள்ளத்தனமாகக் கருத்தடை கொடுப்பது என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். என்னிடம் வரும் பெண்களின் ரகசியம் பெரும்பாலும் இந்த அளவுதான்.

கடைசியில் நான் எடுத்தது ஜி.பி., அதாவது குடும்ப டாக்டர் பயிற்சி. 3 வருடம். விசா, வாடகை என்று யோசித்தால் சிறப்புத் துறையின் வரிசையில் நின்றுகொண்டே இருக்க முடியவில்லை. அதோடு இந்தப் பெண்கள் வயிற்றுவலி, தலைவலி என்று முதலில் வந்து நிற்பதும் ஜி.பி. வாசலில்தான். இனப்பெருக்க நல டிப்ளமாவை ஜி.பி.யாக இருந்துகொண்டே வாங்கலாம், வாங்கிவிட்டேன். கைத்தோலுக்கு அடியில் வைக்கும் 4 செ.மீ. இம்ப்ளான்ட் குச்சிக்குத் தனிச் சான்றிதழ் உண்டு, அதற்கான பயிற்சி ஓடிக்கொண்டிருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் பள்ளி விட்ட நேரத்தில் நடக்கும் கிளினிக்கில் சீனியர் நர்ஸ் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க, குச்சி வைப்பதும் எடுப்பதும் பழகுகிறேன். வைப்பது சுலபம், எடுப்பதில்தான் வியர்த்துவிடுகிறது.