வெள்ளைப் பொட்டும் தலைகீழ் நிலவும்

மரப்பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது பழைய பசையின் மணம். உள்ளே வரிசையாகக் கண்ணாடி ஸ்லைட்டுகள், ஒவ்வொன்றும் மூன்றேகால் அங்குலச் சதுரம். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே படம், ஓரத்தைச் சுற்றிக் கறுப்புக் கடதாசி நாடா. அந்தக் காலத்து மாய விளக்கில் செருகிச் சுவரில் காட்டிப் பாடம் நடத்துவதற்காகச் செய்தவை. கொழும்பில் ஒரு பழைய பாடசாலையின் பௌதிக ஆய்வுகூட அலுமாரியில் பல காலம் கிடந்து, எண்ணிமப்படுத்துவதற்காக நான் வேலை செய்யும் நூலகத்துக்கு வந்திருந்தன. 120க்கு மேல். எல்லாமே வானியல்.

கொழும்புக் காற்றின் ஈரம், படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் படலத்தை விட்டுவைக்காது. பாதிக்கு மேற்பட்ட ஸ்லைட்டுகளில் பூஞ்சணம். பால்வீதிப் படம் ஒன்றை ஒளிமேசையில் வைத்தபோது, எந்த வெள்ளைப் புள்ளி நட்சத்திரம், எது பூஞ்சணம் என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. கைவில்லையால் பார்த்தால்தான் தெரிந்தது. நட்சத்திரம் புள்ளியாகவே நிற்கிறது, பூஞ்சணம் வேர்விட்டு நூலாக ஓடுகிறது. அதைத் துடைக்கப் போனால் நட்சத்திரமும் சேர்ந்து போய்விடும். வெளிக்கண்ணாடியை மட்டும் மெதுவாகத் துடைத்துவிட்டு உள்ளே இருப்பதை அப்படியே விட்டேன்.

அவதான நிலையங்களின் படங்கள் பலவற்றில் நான் அதிக நேரம் நின்றது யெர்க்ஸ் தொலைநோக்கியில். 1897ல் அமெரிக்காவின் விஸ்கொன்சினில் திறந்தது. முன்வில்லை 40 அங்குலம், குழாய் 18 மீற்றருக்கு மேல் நீளம். அடியில் நிற்கும் மனிதர் குழாயின் நிழலில் ஒரு சின்னக் கோடு போலத் தெரிகிறார். குழாயை வானத்தின் உச்சிக்குத் திருப்பினால் கண் வைக்கும் முனை தரைக்கு வரும், அடிவானத்துக்குத் தாழ்த்தினால் அதே முனை எங்கோ உயரத்துக்குப் போய்விடும். ஏணி வைத்துச் சமாளிக்கிற உயரமில்லை. அதனால் கூடத்தின் முழுத் தரையையும் மின்தூக்கி போல மேலும் கீழும் போகக் கட்டினார்கள். அந்தத் தரையின் விளிம்பு சுவரிலிருந்து விலகி நிற்பது ஸ்லைட்டில் மெல்லிய கறுப்புக் கோடாக இருக்கிறது. அந்தக் கோட்டை நான் முதலில் கீறல் என்று குறித்திருந்தேன்.

பெரிய பிழையைச் செய்தது நிலவுப் படங்களில். தைக்கோ என்னும் பெருங்குழியிலிருந்து வெள்ளைக் கதிர்கள் நாலாபக்கமும் பாயும். அது நிலவின் தென்பாகத்தில் உள்ளது. ஆனால் பெட்டியிலிருந்த 14 நிலவு ஸ்லைட்டுகளிலும் தைக்கோ மேலே இருந்தது. ஒவ்வொரு ஸ்லைட்டின் மூலையிலும் ஒரு வெள்ளைக் கடதாசிப் பொட்டு ஒட்டியிருக்கும். படத்தை நேராகப் பிடித்தால் அது இடப்பக்கக் கீழ்மூலையில் வரவேண்டும். விளக்கில் தலைகீழாகச் செருகும்போது பெருவிரல் வைக்கும் இடம் அதுதான். பொட்டை யாரோ பிழையாக ஒட்டிவிட்டார்கள் என்று முடிவுகட்டி, 14 படங்களையும் 180 பாகை திருப்பிச் சேமித்தேன்.

ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியர் ஒருவர் எங்களுக்கு உதவ வருவார். அவர் திரையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எல்லாத்தையும் நீங்களா திருப்பினீங்கள், பிள்ளை?"

"ஓம் சேர், எல்லாம் தலைகீழா இருந்தது."

"தொலைநோக்கிக்குள்ள பார்த்தால் அப்பிடித்தான் தெரியும். படம் எடுத்தவர் கண்டது அதைத்தான்."

வானியல் தொலைநோக்கி காட்சியைத் தலைகீழாகவே தரும். நிமிர்த்த இன்னொரு வில்லை வைத்தால் அதில் கொஞ்சம் ஒளி போய்விடும் என்பதால் நிமிர்த்தாமலே பார்த்தார்கள், தெற்கு மேலேயாகவே வரைந்தார்கள், அச்சிட்டார்கள். விண்வெளிப் பயணக் காலம் வந்த பிறகுதான், 1961ல், பயணத்துக்கான நிலவு வரைபடங்களில் வடக்கு மேலே, கிழக்கு வலப்பக்கம் என்று அனைத்துலக வானியல் ஒன்றியம் தீர்மானித்தது. நான் திருத்தியது பிழையை அல்ல, அவர்கள் கண்டதையே அழித்துவிட்டேன். அன்று மாலையே 14ஐயும் பழையபடி திருப்பினேன்.

அதன் பிறகு பெயர்ச்சீட்டுகளிலும் கை வைக்கவில்லை. ஒன்றில் 'அந்திரமேதா நெபுலா' என்னும் பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. 1923ல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் அவதான நிலையத்தின் 100 அங்குலத் தொலைநோக்கியால் ஹபிள் என்ற வானியலாளர் அதில் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டு தூரத்தைக் கணிக்கும்வரை, அது நம் பால்வீதிக்குள்ளே உள்ள மேகம் என்றே பலர் நினைத்தார்கள். இன்று அது 25 இலட்சம் ஒளியாண்டுகள் தொலைவிலுள்ள வேறொரு விண்மீன் மண்டலம் என்று ஆண்டு 9 பிள்ளைக்கும் தெரியும். பழைய பெயரை முதல் வரியில் வைத்து, இன்றைய பெயரைக் கீழே எழுதினேன். செவ்வாயில் இருப்பதாக அந்தக் காலத்தில் நம்பிய, உண்மையில் இல்லாத கால்வாய்களைக் கீறிய ஸ்லைட்டுக்கும் அப்படியே. அந்தக் கோடுகளை நம்பியவர்கள் முட்டாள்கள் இல்லை. கண்ணின் எல்லையில் நின்று பார்த்தவர்கள். கொழும்பில் பிறந்த மோல்ஸ்வேர்த் என்ற இராணுவ அதிகாரிகூட, திருகோணமலையில் தன் சொந்தத் தொலைநோக்கியோடு இருந்து வியாழனையும் செவ்வாயையும் இரவிரவாக அவதானித்தவர். செவ்வாயில் ஒரு குழிக்கு இன்று அவர் பெயர்.

வேலை முடிந்து படங்களைப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். யெர்க்ஸுக்கு நல்ல ஆரவாரம். நிலவுகள் வந்தபோது ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "மிஸ், இதில எங்கட நிலா எது?"

என்னிடம் பதில் இல்லை. வளர்பிறை இங்கிலாந்தில் வலப்பக்கம் வெளிச்சமாக நிற்கும், தொலைநோக்கிப் படத்தில் இடப்பக்கம் வெளிச்சம். கொழும்பு வட அகலாங்கு 7 பாகையில் கிடப்பதால் எங்களுக்கு அது அடிப்பக்கம் ஒளிர்ந்து தோணிபோல மல்லாந்து இறங்கும். பெட்டியில் அப்படி ஒரு நிலவு இல்லை. நட்சத்திரங்கள் வடதுருவத்தைச் சுற்றி வட்டமிடும் படம் இருந்தது. எங்களுக்குத் துருவ நட்சத்திரம் அடிவானத்தை ஒட்டி, மாடிக் கட்டடங்களுக்குப் பின்னால்.

அடுத்த மூன்றாம் பிறைக்கு வெள்ளவத்தையில் ரயில் பாதையைத் தாண்டிக் கடற்கரைக்குப் போனேன். சேரும் வந்தார். மேகம் விலகக் காத்திருந்து, கடலுக்கு மேலே இரண்டு கொம்பும் வானம் பார்க்கக் கிடந்த பிறையைப் படம் எடுத்தோம். அது இப்போது தொகுப்பின் கடைசிப் படம். சீட்டில் எழுதியிருப்பது: கொழும்பு, மாலை 6.50, வெறுங்கண்ணுக்குத் தெரிந்தபடி.