இலை இறக்கலாமா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து டீ ஃபேக்டரிகளில் புதிதாக டீ மேக்கர் (தயாரிப்பைக் கவனிப்பவர்) ஆனவர்களை அரிக்கும் கேள்வி ஒன்றுதான்: காற்று வீசும் தொட்டியில் வாடும் பச்சை இலையை இப்போதே அரைக்க இறக்கலாமா, இன்னும் ஒரு மணி நேரம் விடலாமா? அது வருவது பெரும்பாலும் விடியற்காலையில், கேட்க ஆளிருக்காது.

துணியாமல் விட்டுவைத்தால் இலை காய்ந்து, அரைக்கும்போது சாறு கசியாது. அவசரப்பட்டால் ஈரம் மிஞ்சி, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி ரோலரில் அப்பிக்கொள்ளும், டிரையரும் திணறும். இரண்டும் தெரிந்தவருக்குத்தான் சந்தேகம். தெரியாதவர் நிம்மதியாகத் தூங்குவார்.

ஒரு பிடி இலையை இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையைத் திறந்தால் உருண்டை மெதுவாக அவிழ வேண்டும். காம்பு ஒடியாமல் வளைய வேண்டும். டக்கென்று ஒடிந்தால் இன்னும் வாடவில்லை. கையை நம்பாதவர்கள் எடை பார்ப்பார்கள். 1 கிலோ பச்சை இலையை வலைப்பையில் போட்டுத் தொட்டியிலேயே வைத்தால், சிடிசிக்கு ஏறக்குறைய 700 கிராமுக்கு வரும்போது இறக்கலாம். தென்மேற்குப் பருவமழையில் அந்தத் தராசும் ஏமாற்றும். நனைந்து வந்த 1 கிலோவில் 100 கிராம் மேல்தண்ணீர் என்றால் உண்மையான இலை 900 தான். தராசு 700 காட்டும்போது இலை தன் எடையில் சுமார் 78 சதவீதத்துக்குத்தான் இறங்கியிருக்கும், இன்னும் வாட வேண்டும். அன்றைக்குக் கைதான் கணக்கு.

சந்தேகம் முற்றிப்போவது ஏல விலையைப் பார்த்துத்தான். இரவு வாட்டிய இலையின் டீயை மறுநாளே குடித்துப் பார்த்துவிடலாம். விலை தெரிய வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் சந்தையே மாறியிருக்கும். விலை விழுந்தால் ‘என் கை சரியில்லை’, ஏறினால் ‘ஏதோ அதிர்ஷ்டம்’ என்பவர்கள் இந்தத் தொழிலில் நிறைய. 1978இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள், நன்றாகச் சாதித்த பெண்களிடம் கண்டு எழுதியதும் இதே கோளாறுதான்: எத்தனை பட்டம் வாங்கினாலும் ‘எல்லாரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்’ என்ற எண்ணம்.

இதற்கு ஒரு நோட்டு போடலாம். தராசைப் பார்க்கும் முன் கை சொல்லும் எடையை எழுதுங்கள். பிறகு தராசு சொன்னதை. மழையா, வெயிலா, மூடுபனியா என்பதும் அதே வரியில் வரட்டும். டீயில் பச்சை வாசனை அடித்ததா, சப்பென்று இருந்ததா என்பதும். ஏல விலை மட்டும் அதில் ஏறவே கூடாது. ஒரு மழைக்காலமும் ஒரு பனிக்காலமும் தாண்டினால், கை எந்த நாளில் தவறுகிறது என்று தெரிந்துவிடும். பலருக்கு அது வறண்ட காற்றடிக்கும் ஜனவரியில்: இலை ஓரம் சருகாகியிருக்கும், காம்பு ஈரமாகவே இருக்கும், மேலோட்டமாகத் தொட்டவர் வாடிவிட்டதென்று நினைப்பார்.

“இறக்கலாமாண்ணே?” என்று கேட்பவனுக்கு மூத்தவர்கள் உடனே பதில் சொல்லாமல் இருப்பது நல்லது. “நீ என்ன நினைக்கிற?” என்று கேட்டு, அவன் சொன்ன பிறகு இலையில் கை வையுங்கள்.