ராச்செஸ்டர்: கடைக்கு வராத சூப்பர் ஹீரோ பொம்மைகளைத் தேடிப் போகிறவர்களுக்கு

நியூயார்க் பென் ஸ்டேஷனில் காலையில் ரயில் ஏறினால் ராச்செஸ்டர் போய்ச் சேர ஏறத்தாழ ஏழு மணி நேரம். அன்றைக்கு வேறு வேலை நடக்காது. அறை போட்டுத் தங்கிவிடுங்கள். பழைய பொம்மைகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஸ்டிராங் விளையாட்டு அருங்காட்சியகம் நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள்தான். ஆனால் ஒன்டாரியோ ஏரி கொட்டும் பனியில், ஜனவரியில், அந்தத் தூரமும் நடக்க முடியாது.

கீழே குழந்தைகளின் கூச்சல். உங்களுக்கு வேண்டியது அருங்காட்சியகத்திலேயே உள்ள பிரையன் சட்டன்-ஸ்மித் நூலகம். முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். 'பழைய பொம்மைகள்' என்று பொதுவாக எழுதிக் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. இணையப் பட்டியலில் முதலில் தேடி, கம்பெனி, வருடம் இரண்டையும் குறித்துக் கேளுங்கள்: மெகோ என்றால் 1972 முதல், ஐடியல் கம்பெனியின் கேப்டன் ஆக்‌ஷன் பொம்மை என்றால் 1966 முதல்.

பார்க்க வேண்டியவை பொம்மைக் கம்பெனிகள் வியாபாரிகளுக்காக அச்சடித்த கேட்டலாக்குகள். அந்தக் காலத்தில் பிப்ரவரியில் நியூயார்க் பொம்மைச் சந்தை நடக்கும். அதற்கு முன்பே அச்சாகிவிட வேண்டும். உற்பத்தி தொடங்காத நிலையில், கையால் தைத்த உடுப்பையும் கையால் வண்ணம் பூசிய தலையையும் வைத்துப் படம் எடுத்துவிடுவார்கள். கடைக்காரர்கள் ஆர்டர் தராவிட்டால் அந்தச் சரக்கு படத்தோடு நின்றுவிடும். ஆகவே படம் இருப்பது விற்றதற்குச் சாட்சி அல்ல. அதே வருடத்து சியர்ஸ், மான்ட்கோமரி வார்ட் என்ற பெரிய கடைகளின் கிறிஸ்துமஸ் கேட்டலாக்குகளையும், கம்பெனியின் அடுத்த வருடக் கேட்டலாக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வியாபாரிகளுக்கான கேட்டலாக்கில் மட்டும் இருந்தால், கடைக்கே வரவில்லையோ என்று சந்தேகப்படலாம்.

சந்தேகப்படலாம், அவ்வளவுதான். மெகோவின் எட்டு அங்குல கிளார்க் கென்ட், புரூஸ் வேய்ன், டிக் கிரேசன், பீட்டர் பார்க்கர் (சூப்பர்மேன், பேட்மேன், ராபின், ஸ்பைடர்மேன் ஆகியோரின் சாதாரண மனித வேடங்கள்) நால்வரும் 1974இல் மான்ட்கோமரி வார்டில் மட்டுமே விற்றார்கள். வெளிவராத பொம்மைகள் என்று பலர் நினைப்பது இவர்களைத்தான். போலிகளும் இவர்களில்தான் அதிகம்: முகமூடி கழற்றக்கூடிய பழைய பேட்மேனின் தலையே புரூஸ் வேய்ன் தலை. சாதாரணச் சட்டை, பேன்ட் தைக்க யாருக்கும் வரும்.

பழைய பொம்மை விற்கும் சந்தையில், உற்பத்திக்கு முன் தைத்த 'மாதிரி உடுப்பு' என்று யாராவது நீட்டினால் முதுகுப் பக்கம் திருப்புங்கள். அசல் மெகோ உடுப்பில் உலோக அழுத்துப் பொத்தான். வெல்க்ரோ இருந்தால் பெரும்பாலும் பின்னாளில் தைத்தது. பொம்மை முதுகில் உள்ள வருடத்தை நம்ப வேண்டாம். அது உடம்பு அச்சின் வருடம், உடுப்பின் வருடம் அல்ல. புற ஊதா விளக்கில் நூல் ஒளிர்ந்தால் புதுசு என்பார்கள். சலவைத் தூளில் ஒளிரூட்டி பல பத்தாண்டுகளாக இருக்கிறது, துவைத்த பழைய துணியும் ஒளிரும். ஒளிராவிட்டாலும் அசல் என்று ஆகிவிடாது.

பிளேசெட், அதாவது பொம்மைகளை வைத்து விளையாடும் மடக்கு அட்டை வீடு, வாங்கினால் மடிப்புகளைப் பாருங்கள். அட்டையை வினைல் தாளுக்குள் வைத்து ஓரத்தைச் சூட்டில் ஒட்டியிருப்பார்கள். வினைல் காய்ந்து இறுகும்போது முதலில் மடிப்புதான் கிழியும். அதற்கு டேப் ஒட்டாதீர்கள், பசை உருகி அச்சோடு வந்துவிடும். ஊருக்குக் கொண்டுவரும்போது வினைல் பூட்ஸும் கடின பிளாஸ்டிக் பாகமும் ஒன்றையொன்று தொடக்கூடாது. வினைலை மென்மையாக்கும் எண்ணெய் கசிந்து கடின பிளாஸ்டிக்கைக் கரைத்துப் பள்ளமாக்கும். நடுவே பாலித்தீன் தாள் போதும். விமானத்தில் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.