பொடி டப்பியில் ஒரு பொன்வண்டு

எனாமலும் பூச்சியும் சேர்ந்து சூளைக்குள் போக முடியாது. கண்ணாடித் தூள் உருகித் தங்கத்தைப் பிடிக்க 750, 800 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். வண்டின் ஓடு அந்தச் சூட்டில் கருகிப் போகும். நானும் சின்ன அளவில் எனாமல் வேலை செய்கிறவள் என்பதால், நிஜப் பூச்சி பதித்த பழைய பிரெஞ்சுத் தங்க டப்பிகளின் படத்தைப் பார்த்தால் வேலையின் வரிசைதான் முதலில் மனதில் ஓடும். எனாமல் சுட்டு, மெருகு போட்டு, எல்லாம் ஆறின பிறகுதான் பூச்சி கண்ணாடிக்கு அடியில் போய் உட்கார முடியும்.

அதற்குத் தோதான ஒரு கட்டுமானம் 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் இருந்தது. மெல்லிய தங்கச் சட்டத்தைக் கூண்டு போலச் செய்துவிட்டு, பக்கங்களில் தனித்தனித் தகடுகளைச் செருகுவார்கள். அரக்கு, சிப்பி, நுண்ணோவியம், எது வேண்டுமானாலும். இத்தனையும் மூக்குப்பொடி வைத்துக்கொள்ளத்தான்! பூச்சி மோகத்துக்கும் அது நல்ல காலம். ரெயோமூர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1734 முதல் 1742 வரை பூச்சிகளைப் பற்றி ஆறு தொகுதிகள் எழுதி வெளியிட்ட ஊர் அது.

எனக்கு இதில் பிடித்ததே வேறு. தங்கத்தில் உளியால் நெருக்கமாகக் கோடு இழுத்து, அதன்மேல் ஒளி ஊடுருவும் எனாமலைச் சுட்டால், வெளிச்சம் உள்ளே போய், அடியிலுள்ள கோடுகளில் பட்டு, நிறத்தோடு திரும்பி வரும். டப்பியைச் சாய்த்தால் அலை ஓடும். பொன்வண்டின் ஓட்டிலும் நிறம் உள்ளிருந்துதான் வருகிறது. அதன் பச்சை சாயமே இல்லை. மெல்லிய அடுக்குகளிலிருந்து திரும்பும் ஒளி. அதனால்தான் எத்தனை ஆண்டு போனாலும் அது அவ்வளவாக வெளுப்பதில்லை. சாயத்தால் நிறம் பெற்ற வண்ணத்துப்பூச்சிச் சிறகுதான் வெயில் பட்டால் மங்கும். 1740களில் ழான் துக்ரொலே என்ற பாரிஸ் பொற்கொல்லர் மயிலிறகையே எனாமலில் கொண்டுவந்தார். அபாரமான கைதான். இருந்தாலும் வண்டையே பக்கத்தில் வைத்துவிட்டால் எனாமல்காரர் பாடு கொஞ்சம் திண்டாட்டம்தான் என்பேன்.

அப்புறம், காய்ந்த பூச்சிக்கு எதிரி இன்னொரு பூச்சி. அருங்காட்சியகக்காரர்கள் அஞ்சும் ஆந்த்ரெனஸ் என்ற குட்டி வண்டு. அதன் புழு நுழைந்தால் கடைசியில் தூள்தான் மிஞ்சும். கண்ணாடியின் விளிம்பு இறுக்கமாக இருக்க வேண்டியது அழகுக்காக மட்டுமல்ல.

ஒரு உபரித் தகவல். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசு தங்கத்துக்கு முத்திரை குத்தும்போது, பொருளைத் தாங்கும் குட்டிப் பட்டறைக்கல்லிலேயே பூச்சி உருவங்களைச் செதுக்கி வைத்தது. மேலே முத்திரை விழும்போது பின்பக்கத்தில் பூச்சியின் துண்டு துணுக்குகள் பதியும். கள்ள முத்திரைக்காரன் இரண்டு பக்கத்தையும் போலி செய்தாக வேண்டும்.